நானியும் குடும்பமும்: எழுதி வைக்க வேண்டியவை

அமெரிக்காவில் வேலைக்குப் போகும் பெற்றோர் பலர், பிள்ளையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள நானி எனப்படும் பராமரிப்பாளரை அமர்த்துகிறார்கள். சட்டப்படி அவர் பெரும்பாலும் அந்த வீட்டின் ஊழியர், குடும்பம்தான் முதலாளி. இரு தரப்பும் தெரிந்துகொள்ள வேண்டியவை எல்லாம் இந்த உறவிலிருந்தே தொடங்குகின்றன.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது பயிற்சி. குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவி வகுப்புகள் கற்றுத் தருகின்றன. 1985இல் தொடங்கிய சர்வதேச நானிகள் சங்கம் தொழில்திறன் தேர்வுகளை நடத்துகிறது. முன்பு வேலை பார்த்த வீடுகளில் விசாரிப்பதும் அவசியம்.

அதிகம் கவனிக்க வேண்டியது அடுத்து வரும் வேலை ஒப்பந்தத்தை. பழகிய பாசம் இருக்கும்போது பத்திரம் எதற்கு என்று பலருக்கும் தோன்றும். அந்தப் பாசம் கெடாமல் இருக்கத்தான் பத்திரம். எத்தனை மணிக்கு வர வேண்டும், பிள்ளையின் துணியைத் துவைப்பது வேலையில் சேருமா, பெரியவர்களுக்கும் சமைக்க வேண்டுமா, பள்ளிக்குச் சொந்தக் காரில் அழைத்துப்போனால் பெட்ரோல் செலவு யாருடையது என்பவற்றை முதலிலேயே எழுதிவிட்டால் பின்னால் மனக்கசப்புக்கு இடமில்லை. உறுதி செய்யப்பட்ட வேலை நேரம் என்ற விதி மிக முக்கியமானது. குடும்பம் ஒரு வாரம் ஊருக்குப் போனாலும் நானி வீட்டு வாடகை கட்டியாக வேண்டும். ஆகவே அந்த வாரச் சம்பளமும் உண்டு என்பதே அதன் பொருள்.

சம்பளம் மணிக்கணக்கில் அமையும். வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தாண்டினால், தாண்டிய நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. மணிக்கு 20 டாலர் என்று பேசி 45 மணி நேரம் உழைத்தவருக்கு முதல் 40 மணிக்கு 800 டாலர், மீதி 5 மணிக்கு 150 டாலர், ஆக 950 டாலர் சேர வேண்டும். வீட்டோடு தங்குபவருக்கு மத்தியச் சட்டத்தில் இந்த ஓவர்டைம் கிடையாது. 2010இல் வீட்டுப் பணியாளர் உரிமைச் சட்டத்தை முதலில் கொண்டுவந்த நியூயார்க் மாநிலம், அவர்களுக்கும் 44 மணிக்கு மேல் ஓவர்டைம் தருகிறது.

வரி விஷயத்தில் அலட்சியம் ஆகாது. ஆண்டுச் சம்பளம் குறிப்பிட்ட வரம்பை எட்டினால், சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் இரண்டுக்குமாகக் குடும்பமும் நானியும் ஆளுக்கு 7.65 சதவீதம் செலுத்த வேண்டும். 1993இல் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு முன்மொழியப்பட்ட ஸோயி பெயர்ட், குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களை வீட்டு வேலைக்கு வைத்து, இந்த வரியையும் கட்டாமல் விட்டது தெரியவந்ததும் விலக நேர்ந்தது. மறுஆண்டே விதிகள் எளிதாக்கப்பட்டன. வரித்துறையின் 926ஆம் எண் கையேடு முழு விவரத்தையும் தருகிறது. வரி கட்டாமல் கையில் பணம் கொடுத்தால், முதுமையில் நானிக்கு ஓய்வூதியம்தான் குறையும்.

அன்றாட வேலைக்கு ஒரு குறிப்பேடு போதும்: பால் குடித்த நேரம், தூங்கிய நேரம், கொடுத்த மருந்து. பிள்ளை வளர வளர வேலையும் மாறுவதால், ஒப்பந்தத்தை ஆண்டுக்கொரு முறை இருவரும் உட்கார்ந்து திருத்த வேண்டும். பயிற்சியும் ஒப்பந்தமும் வரியும் ஒழுங்காக அமைந்த வீட்டில் நானிக்கு மரியாதையும் பெற்றோருக்கு நிம்மதியும் கிடைக்கும். பிள்ளை வளர்க்கும் உழைப்பு எங்கு நடந்தாலும் அதற்கு இந்த மதிப்பு கிடைக்க வேண்டும்.