கையால் கட்டிய புள்ளி

(காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் நம் குடியிருப்பு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்று மாதம் முன்னால் என் பேத்தி ஒரு வீடியோ காட்டினாள். மெக்சிகோவில் ஹூய்ச்சோல் என்ற மலைவாழ் மக்கள், பலகையில் தேன்மெழுகு தடவி, அதன்மேல் கலர் நூலை இழை இழையாக நகத்தால் அழுத்தி மானும் சூரியனும் படமாக்குகிறார்கள். "நாமும் கத்துக்கலாமா பாட்டி?" என்று கேட்டாள். கற்றுக்கொடுக்க மெக்சிகோவிலிருந்து யார் வருவார்கள்? ஆனால் நூலும் நகமும் வைத்துச் செய்கிற வேலை பக்கத்தில் மதுரையிலேயே இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது. சுங்குடி.

நாற்பது வருஷமாகச் சுங்குடி கட்டுகிறேன். அந்தப் புள்ளி எப்படி வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. திருமங்கலம் வழியாக பஸ் பிடித்துப் போய், மகால் பக்கம் ஒரு சௌராஷ்டிர அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். நாயக்கர் காலத்திலேயே மதுரைக்கு வந்து குடியேறிய சமூகம் அது. அக்காவுக்கு அவருடைய அம்மா கற்றுக்கொடுத்த வேலை இது.

கேட்டால் சுலபம்தான். வெள்ளைப் பருத்தித் துணியில் குறி போட்ட இடத்தை நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். நூலை இறுக்கிச் சுற்ற வேண்டும். அதைச் சாயத்தில் முக்கி, காயவைத்து, முடிச்சைப் பிரித்தால், சுற்றிய இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சு. அக்கா பேசிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல் கட்டுகிறார். நான் கைக்குட்டை அளவுத் துணியில் 81 முடிச்சு போட இரண்டு மத்தியானம் ஆனது. விரல் நுனி வீங்கிவிட்டது. மகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா என்று கேட்டேன். "முடிச்சுக்கு இவ்வளவுன்னு வாங்குற கூலியில அவ ஏன் உட்காரணும்?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தாலும் இன்று சுங்குடி என்ற பெயரில் கடையில் தொங்குவதில் பெரும்பகுதி மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும்தான். அச்சு வேலையும் பலர் வயிற்றுப்பாடு, அதை நான் குறை சொல்லவில்லை. பெயரை மாற்றி விற்பதுதான் உறுத்துகிறது. பார்த்தாலே தெரியும். அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அச்சாக இருக்கும். கைக்கட்டில் ஒன்று சிறுத்து ஒன்று கோணியிருக்கும், நடுவில் பொட்டுபோலக் கொஞ்சம் சாயம் நிற்கும். புதுத் துணி என்றால் சுருக்கம்கூடப் போயிருக்காது.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. பொங்கலுக்கு நம் துப்புரவுப் பெண்களுக்கும் காவலர் வீட்டம்மாக்களுக்கும் 12 சுங்குடி வாங்குவதாக, போன கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். வந்திருக்கிற சாம்பிள் அச்சுச் சேலை. நம் ஊர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே.சி. குமரப்பா, ஒரு பொருள் எப்படி உண்டானது என்பதில் வாங்குகிறவருக்கும் பொறுப்பு உண்டு என்று எழுதியவர். அந்த ஊரில் இருந்துகொண்டு நாம் விலையை மட்டும் பார்த்தால் எப்படி?

கைக்கட்டுக்கு விலை கூடத்தான் செய்யும். வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் சமாளிக்கலாம் என்பது என் கணக்கு. முடியாது என்று முடிவானால் அச்சே வாங்குவோம். ஆனால் கொடுக்கும்போது, இது அச்சுச் சேலை என்று சொல்லிக் கொடுப்போம். செயலாளர் இன்றைக்கே வாக்கெடுப்பு வைக்கட்டும்.

என் கைக்குட்டையைக் கொண்டுவந்திருக்கிறேன். இறுக்கம் போதாமல் சாயம் உள்ளே இறங்கி 81-ல் 23 புள்ளி அழிந்துபோயிற்று. பின்வரிசையில் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம், சிரிக்கவும் சிரிக்கலாம்.