பதிவில் நிற்கும் பெயர்

பழைய கார் ஒன்றை விலைபேசி, பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கியதோடு விற்பனை முடிந்துவிட்டதாகக் கருதும் வழக்கம் பரவலாக இருந்தாலும், இந்திய மோட்டார் வாகனச் சட்டம், எவர் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரையே பொதுவாக அதன் உரிமையாளர் என்கிறது. 2007இல் விற்கப்பட்டு, பதிவில் பெயர் மாறாமலே பல கைகள் மாறிய கார் ஒன்று 2009இல் விபத்துக்குள்ளான வழக்கில், இழப்பீடு தரவேண்டியவர் கடைசியாக வண்டியை வைத்திருந்தவர் அல்லர், பதிவில் பெயர் நின்ற முதல் உரிமையாளரே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. விற்றவருக்குக் கடுமையான தீர்ப்புதான். ஆனால் விபத்தில் அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது.

ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை, விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கானவை 29, 30ஆம் படிவங்கள். கடனில் வாங்கிய வண்டியாயின், அது வங்கிக்கு ஈடாக நிற்பதைக் காட்டும் 'ஹைப்போதிகேஷன்' என்ற குறிப்பு பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யில் இருக்கும், 35ஆம் படிவத்தின் வழியே அது நீக்கப்பட்டதா என்று பாராமல் முன்பணம் கொடுப்பது அவசரப் புத்தி.

விற்றவர் வியாபாரியாக இருந்து குறையை மறைத்திருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. வாய்ச்சொல்லை அங்கே நிரூபிப்பது கடினம் என்பதால், ஓடிய கிலோமீட்டரையும் விபத்து விவரத்தையும் ரசீதோடு எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.