பாடல் பெற்ற கடற்கரை

 

தேவார மூவர் பாடிய ஊர்களைப் பாடல் பெற்ற தலங்கள் என்று தமிழுலகம் போற்றுகிறது. ஊர் முன்னரே இருந்தது. பாடல் பின்னர் வந்தது. பாடல் வந்தபின் அவ்வூருக்கு யாத்திரிகர் வழி பிறந்தது. மேல்திசையிலும் இத்தகைய பேறு பெற்ற நாட்டுப்புறக் கடற்கரை ஒன்று உண்டு. அயர்லாந்தின் வடமேற்கில், அட்லாண்டிக் பேரலைகளை எதிர்கொண்டு நிற்கும் ஸ்லைகோ மாவட்டமே அது. சிப்பிகள் மிகுந்த இடம் என்பது ஐரிஷ் மொழியில் அப்பெயரின் பொருள். நெய்தல் நிலத்துக்கு இதனினும் இயைந்த பெயர் வேண்டுமோ? 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 70,000 பேர். தமிழகத்தின் ஒரு நடுத்தர நகரில் அடங்கிவிடும் தொகை. ஆயினும் உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அங்கே வருகின்றனர். வருவோர் பலரின் நெஞ்சிலும் வில்லியம் பட்லர் யேட்ஸ் என்னும் பெயர் இருக்கிறது. தாகூரின் கீதாஞ்சலிக்கு 1912இல் முன்னுரை எழுதியவர் அவரே என்பதை அவையோர் அறிவர்.

யேட்ஸ் பிறந்தது டப்ளின் நகரில், 1865ஆம் ஆண்டு. ஸ்லைகோ அவருடைய தாயின் ஊர். தாய்வழிப் பாட்டனார் வீட்டில் கழித்த இளமை நாட்களே அவருக்கு வற்றாத ஊற்றாயின. கில் ஏரியில் இன்னிஸ்ஃப்ரீ என்றொரு தீவு உண்டு. தீவு என்பதுகூடப் பெரிய சொல். மரமும் புதரும் மண்டிய சிறு திட்டு அது. லண்டன் மாநகரின் ஃப்ளீட் தெருவில் நடந்தபோது, ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் சிறு நீரூற்றொன்று பந்தைத் தாங்கி ஆடுவதைக் கண்டார். அந்நீரின் ஒலி ஏரியை நினைவூட்டிற்று. 1888இல் பாடல் உருப்பெற்றது, 1890இல் அச்சேறியது. கடைத்தெருவின் விளம்பர நீரிலிருந்து பிறந்த ஏக்கம் அது. இன்று படகுகள் பயணிகளை ஏற்றிக்கொண்டு அத்தீவருகே செல்கின்றன. பாடலிலுள்ள குடிசையைத் தேடும் கண்களுக்கு ஏமாற்றமே. கவிஞர் அங்கே குடிசை எதையும் கட்டியவரல்லர். இல்லாத குடிசையைக் காண இத்தனை பேரை வரவழைத்தது கவிதையின் வெற்றியா, பயணத்தொழிலின் வெற்றியா என்பதைக் கவிஞர்களே கூறவேண்டும்.

இன்னொரு வேடிக்கை. யேட்ஸ் பாடிய க்ளென்கார் அருவியையும் ஸ்லைகோவின் காட்சிகளுள் ஒன்றாகவே பலரும் கருதுகின்றனர். அருவி விழுவதோ அண்டை மாவட்டமான லீட்ரிமில்! எல்லைக்கல்லைப் பாட்டு மதிப்பதில்லை.

ஆயினும் அந்நிலத்தின் பாட்டு யேட்ஸ் தொடங்கியதன்று. இடப்பெயர்களின் வரலாற்றைச் செய்யுளாகவும் உரையாகவும் கூறும் டின்ஷென்கஸ் என்னும் இலக்கிய வகை இடைக்கால அயர்லாந்தில் செழித்திருந்தது. நம் தலபுராணங்களுக்கு அதனை உறவு எனலாம். நாக்னரே குன்று 327 மீட்டர் உயரமே உடையது. அதன் உச்சியில் பெரும் கற்குவியல் ஒன்று எழுந்து நிற்கிறது. அதனுள்ளே மேவ் அரசி பகைவர் திசை நோக்கி, போர்க்கோலத்தில் நின்றநிலையில் புதைக்கப்பட்டிருக்கிறாள் என்பது மக்கள் வழக்கு. அக்குவியலை இன்றுவரை எவரும் அகழ்ந்து ஆய்ந்ததில்லை. ஆனால் மேலே ஏறுவோரின் காலடிகளால் கற்கள் சரிகின்றன. அதன்மேல் ஏறவேண்டா, கல்லை எடுத்துச் செல்லவேண்டா என்று தொல்பொருட் காவலர்கள் வேண்டுகின்றனர். ஐயாயிரம் ஆண்டு மழைக்கும் காற்றுக்கும் நிலைத்து நின்றதை அன்பு மிகுந்த பயணியின் செருப்பு அசைத்துவிடுகிறது.

குன்றின் அடியிலுள்ள கேரோமோரிலும் அதே தொன்மையுடைய கற்கல்லறைகள் முப்பதளவில் எஞ்சியுள்ளன. பல, கல்லுடைப்போரால் முன்னரே அழிந்தன. எஞ்சியவற்றின் அருகே, பழைய கல்லுடைப்புப் பள்ளத்தில் நகரக் குப்பையைக் கொட்ட மாவட்ட மன்றம் முனைந்தது. ஊரார் வழக்குத் தொடுத்தனர். 1989இல் உச்ச நீதிமன்றம் அம்முயற்சியைத் தடுத்தது. பாடியவன் தந்த புகழை அடுத்து, வழக்காடியவன் தந்த காவலும் அந்நிலத்துக்கு வேண்டியிருந்தது.

கடற்கரைகளைப் பற்றி விரிக்க நேரமில்லை. ஸ்ட்ராண்டில் கரையில் நீரோட்டம் கொடியது. அங்கே அலைச்சறுக்கு உண்டு, நீச்சல் இல்லை. எனிஸ்க்ரோனில் 1912 முதல், கடற்பாசி இட்ட சூடான உப்புநீரில் குளிக்கும் வழக்கம் தொடர்கிறது. முல்லக்மோரின் மாரிக்காலப் பேரலைகளை நாடித் துணிவுடைய இளைஞர் வருகின்றனர். அம்முல்லக்மோர்க் கடலில்தான், 1979 ஆகஸ்ட் 27ஆம் நாள், இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் சென்ற படகு ஐரிஷ் குடியரசுப் படையின் குண்டால் சிதறியது. அவரோடு இரு சிறுவர்களும் மாண்டனர். முதிய பெண்மணி ஒருவர் மறுநாள் உயிர்நீத்தார். ஸ்ட்ரீடா மணற்கரையோ 1588இல் ஸ்பானியக் கப்பற்படையின் மூன்று கலங்களை விழுங்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவற்றுள் ஒரு கலத்தின் பீரங்கிகள் 2015இல் கரையேற்றப்பட்டன. கோடையில் குழந்தைகள் மணல்வீடு கட்டும் கரைகள் இவை!

வழி பற்றிய செய்தி ஒன்றைக் கூறாமல் விடலாகாது. 1894இல் யேட்ஸ் விருந்தினராகத் தங்கிய லிசடெல் மாளிகை, கவிஞர் ஈவா கோர்-பூத்தும், 1918இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதற்பெண்ணாகிய கான்ஸ்டன்ஸ் மார்க்கிவிச்சும் வளர்ந்த மனை. அது 2003இல் வேறு கைக்கு மாறியது. மனைக்குள் செல்லும் பாதைகள் பொதுமக்களுக்குரியவை என்றது மாவட்ட மன்றம். தனியார்க்கு உரியவை என்றனர் உடைமையாளர். 2010இல் உயர் நீதிமன்றம் மன்றத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதனைப் பெரும்பாலும் மாற்றி, கடலோரப் பாதையொன்றில் மட்டும் மக்களுக்கு உரிமை உண்டென்றது. வழக்கின்போது பார்வையாளர்க்கு மூடப்பட்ட மாளிகை பின்னர் மீண்டும் திறந்தது. அயர்லாந்தில் பிறர் நிலத்தில் நடந்து திரியும் பொதுவுரிமை மக்களுக்கு இல்லை. மலையேறுவோர் பல இடங்களில் உழவரின் நல்லெண்ணத்தை நம்பியே நடக்கின்றனர். பாடல் எல்லார்க்கும் பொது. பாடிய இடத்துக்குப் போகும் பாதை அவ்வாறன்று. 

இறுதியாக டிரம்கிளிஃப். பென்புல்பென் மலையின் நிழலில், கவிஞரின் கொள்ளுப்பாட்டனார் பாதிரியாராக இருந்த சிற்றூர். 1939 ஜனவரி 28 அன்று பிரான்சில் இறந்த யேட்ஸ், ரோக்புரூனில் அடக்கம் செய்யப்பட்டார். போர் வந்தது. கல்லறை பிரிக்கப்பட்டு, எலும்புகள் பொதுக் கிடங்கில் பிறருடையவற்றோடு கலந்தன. 1948 செப்டம்பரில் ஐரிஷ் போர்க்கப்பலொன்று ஒரு பெட்டியைச் சுமந்து வந்தது. டிரம்கிளிஃப் மண்ணில் அது இடப்பட்டது. பெட்டியிலுள்ளவை முழுவதும் கவிஞருடையவை என்று உறுதி கூற இயலாதெனப் பிரெஞ்சு அதிகாரிகள் அன்றே எழுதிய கடிதங்கள் 2015இல் வெளிவந்தன. கடிதங்களைப் படித்தவர்களும் வருகின்றனர், படியாதவர்களும் வருகின்றனர். சுண்ணாம்புக் கல்லில் வெட்டிய எழுத்துகளின் முன் சற்றே நின்று, திரும்பி மலையைப் பார்த்துவிட்டுச் செல்கின்றனர்.