பட்டாளத்துக்குப் போன நம் முன்னோர்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் நம்மவர் வாழும் ஊர்களுக்குச் சென்றால், 'எங்கள் பாட்டனார்க்குப் பாட்டனார் பட்டாளத்துக்குப் போனவர்' என்று பெருமையோடு கூறும் வீடு ஒன்றேனும் இருத்தலைக் காண்கின்றோம். எந்தப் பட்டாளம், எந்த நாடு, என்ன வேலை என்று வினவினால் விடை வருவதில்லை. சில ஆண்டு கழித்து மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றால், முன்பு சிப்பாயாயிருந்தவர் ஹவில்தாராகியிருப்பார்; இன்னுஞ் சில ஆண்டில் சுபேதாராகிவிடுவார். மாண்டவர்க்கு இங்ஙனம் மேன்மேலும் பதவி உயர்வளிக்கும் சேனை நம் வீட்டுத் திண்ணையன்றி வேறெங்கும் இல்லை.

அப்பெரியோர் பெயர்களைக் கல்லிற் பொறித்துச் சங்கக் கட்டடத்தில் நாட்டல் வேண்டும் என்று இளைஞர் விரும்புகின்றனர். நல்விருப்பமே அது. ஆயினும் தொல்காப்பியனார் நடுகல் நாட்டும் முறையை ஆறு துறைகளாக வகுத்தபோது, முதற்றுறை 'காட்சி' என்றே வைத்தார். அஃதாவது, தக்க கல்லைத் தேடிக் காண்டல். நாட்டுதல் பின்னரே வரும். கல்லுக்கே தேடல் வேண்டுமெனின், கல்லிற் பொறிக்கும் செய்திக்குத் தேடல் வேண்டாவோ?

நம் வீடுகளிற் பேசப்பெறும் பட்டாளம் பெரும்பாலும் 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரைச் சார்ந்தது. அப்போரின்பொருட்டு இந்தியாவினின்று கடல் கடந்தோர் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர். உயிரிழந்தோர் 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். சென்னை மாகாணத்தில் போர்ப்படையிற் சேர்ந்தோர் ஏறத்தாழ 51 ஆயிரம்; சமையல், தண்ணீர், சுமை, கழுதை ஓட்டல், சாலை போடுதல் முதலிய தொழிற்பிரிவுகளிற் சேர்ந்தோர் ஏறத்தாழ 41 ஆயிரம். இவ்விரண்டு எண்களையும் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். நம் மாகாணத்தினின்று சென்றோரில் பாதிக்குச் சற்றே குறைந்தவர் துப்பாக்கி ஏந்தாதவர்.

அவர் ஏன் சென்றனர்? நம்முடையது வானம் பார்த்த பூமி. கரிசற் காட்டில் ஒரு மழை தவறினாற் பருத்தி போம். இரண்டு மழை தவறினாற் கண்மாயும் வறண்டு, கடனும் ஏறும். அந்நாளில் சிலர் இலங்கைக்கும், சிலர் பர்மாவுக்கும், சிலர் பட்டாளத்துக்கும் போயினர். சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். பஞ்சகாலத்தில் பதினோரு வெள்ளிக்காசு ஒரு குடும்பத்தைக் காத்தது. அரசர்பால் பக்தியால் போயினர் என்பதினும், அடுப்பெரியப் போயினர் என்பதே பெரும்பாலும் உண்மை. அதனால் அவர் பெருமை சிறிதும் குன்றாது.

நிற்க. தேடும் வழி யாதெனின், முதலில் வீட்டுப் பெட்டியைத் தேடுக. அப்போரிற் சென்றோர்க்கு அளித்த பதக்கங்களில் ஒன்று, ஒரு பக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலையும், மறு பக்கத்தில் குதிரை வீரன் உருவும் 1914, 1918 என்னும் ஆண்டுகளும் உடையது. மற்றொன்று சிறகுடைய பெண்ணுருவும் வானவில் நிற நாடாவும் உடையது. இவற்றின் விளிம்பை உற்று நோக்குக. வீரரின் எண், தரம், பெயர், படைப்பிரிவு ஆகியன சிறிய ஆங்கில எழுத்துக்களிற் பொறிக்கப்பட்டிருக்கும். தாய்மார்களே! புளியிட்டுத் துலக்கிவிடாதீர்கள், எழுத்துத் தேய்ந்தால் அவர் முகவரியே தேய்ந்துவிடும். வெள்ளிப் பதக்கம் தட்டாரிடம் சென்று கொலுசாகிப் போன வீடுகளில், பென்ஷன் புத்தகமோ, பட்டாளத்தினின்று விடுவித்த சான்றிதழோ எஞ்சியிருத்தல் கூடும்.

அடுத்தது ஊர்ப்பெயர். 1910-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் ஜில்லா ஏற்பட்டது. அதற்கு முன் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தவை. அடுத்திருக்கும் சாத்தூரோ திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் 1985-ல்தான் பிரிந்தது. ஆகவே, பழைய பதிவுகளில் 'விருதுநகர் மாவட்டம்' என்று தேடுவோர்க்கு ஒன்றும் அகப்படாது.

மூன்றாவது பெயரெழுத்து. நம் சிறப்பெழுத்தாகிய ழகரம் ஆங்கில எழுத்தர் கையிற் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. திருச்சுழியைத் 'திருச்சுலி' ஆக்கியவர் அழகரை எப்படியெல்லாம் எழுதியிருப்பார்! முத்துச்சாமி ஒருவரே நான்கு எழுத்துக்கூட்டில் நான்கு மனிதராகத் தோன்றுவார். ஆதலின் பெயரொன்றை மட்டும் நம்பாமல், தந்தை பெயர், ஊர், பட்டாள எண் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

இவற்றைக் குறித்துக்கொண்டபின், மாண்டவர்க்குப் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் தேடலாம், கட்டணம் இல்லை. காலாட்படையினர்க்கு நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் தலைமையிடத்துக்கும், சாப்பர்ஸ் படையினர்க்குப் பெங்களூரில் உள்ள அப்படைத் தலைமையிடத்துக்கும் எழுதிக் கேட்கலாம். புதுதில்லித் தேசிய ஆவணக் காப்பகத்திலும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஏடுகளிலும் அக்காலத்துப் பட்டாளக் காகிதங்கள் உள.

இனி, தேடியவர் மனம் நோகும் இடங்கள் மூன்று உண்டு. அவற்றை மறையாது கூறுதல் எம் கடமை.

முதலாவது: குதிரை வீரன் உருவுடைய பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளியிலும், தொழிற்பிரிவினர்க்கு வெண்கலத்திலும் அளிக்கப்பட்டது. சிறகுடைய பெண்ணுருவுடையதோ எல்லார்க்கும் வெண்கலமே. எனவே குதிரை வீரன் வெண்கலமாயின், நம் பாட்டனார் போர் வீரரல்லர். சுமை தூக்கியவரோ, தண்ணீர் சுமந்தவரோ, சமைத்தவரோ ஆவர்.

இரண்டாவது: அவர் பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63-ஆம் இலகு காலாட்படையைச் சேர்ந்தவராயின், 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் நடந்த போரில் அப்படை நிலைகுலைந்து ஓடியது என்று நூல்களிற் காண நேரும். வெட்கம் வேண்டா, காரணமும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஏறத்தாழ 8 ஆயிரம் பேரைக் கப்பல்களில் நெருக்கி அடைத்துப் பம்பாயினின்று அக்டோபர் 16-ல் அனுப்பினர். முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்ததனால், ஜெர்மானியர் ரயில் வழியே துணைப்படை வருவித்துக்கொண்டனர். பகைவரை அற்பமாக எண்ணிய தளபதி, உளவறியாமல் புதர்க்காட்டுள் படையைச் செலுத்தினார். கலைந்த தேனீக்களும் கொட்டின. முடிவில் ஏறத்தாழ 1,000 பேர் அப்பெரும் படையைக் கடலுக்கே திருப்பினர். இப்பிழைகளுக்கெல்லாம் உரியவர் ஒரு கிராமத்துச் சிப்பாயோ? தென்னாட்டார் போருக்கு ஏலார் என்று முன்னரே முடிவு கட்டியிருந்த வெள்ளை அதிகாரிகட்கு அத்தோல்வி ஒரு சாக்காயிற்று. ஓடியதும் உண்மை, ஓட வைத்ததும் உண்மை. இரண்டையும் எழுதுக.

மூன்றாவது: பதிவிலே சாதிக்கென ஓர் இடம் உண்டு. படையிற் சேரும்பொருட்டு வயதை மாற்றிச் சொன்னோர் உண்டு. பெயரை மாற்றிச் சொன்னோரும், சாதியை மாற்றிச் சொன்னோரும் உண்டு. அவ்விடத்தில் நம் குலப்பெயர் இல்லாவிடின் சினங்கொண்டு ஏட்டை மூடிவிடற்க. பசித்த மகன் சொன்ன பெயர் எதுவாயினும், அவர் நம் பாட்டனாரே.

இவை கண்டு, 'அப்படியாயின் வெண்கலக்காரர் பெயர் கல்லில் வேண்டா. வெள்ளிக்காரரை மட்டும் பொறிப்போம்' என்று சிலர் கருதக்கூடும். அவர்கட்கு ஒரு செய்தி சொல்வோம். இராக் நாட்டுப் பஸ்ராவில், மெசபொடேமியாப் போரில் மாண்டு கல்லறை அறியப்படாத 40 ஆயிரத்துக்கு மேற்பட்டோர்க்கு ஆங்கிலேயர் நினைவுச் சின்னம் எழுப்பினர். வெள்ளையர் பெயரும் இந்திய அதிகாரிகள் பெயரும் சுவரில் ஏறின; இந்தியச் சிப்பாய்களோ, இன்ன படையில் இத்தனை பேர் என்று வெறும் எண்ணாகவே நின்றனர். அவ்வாறு ஏற்றத்தாழ்வு செய்தமையை அக்கல்லறை ஆணையமே 2021-ஆம் ஆண்டு அறிக்கையில் ஒப்புக்கொண்டது. பெயரின்றியோ நினைவே இன்றியோ விடப்பட்டோர் குறைந்தது 1,16,000 பேர் என்றும் அது கூறிற்று. அவர்களில் பெரும்பாலார் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும்.

அந்நியர் செய்த அவ்வநீதியை நம் கையால் நம் சங்கச் சுவரில் மறுபடியும் செய்யலாமா? குண்டு, சிப்பாய் என்றும் சுமைகாரர் என்றும் பார்த்துப் பாய்வதன்று. காயம்பட்டவனைத் தூக்கி வந்த தோளும், தாகத்தவனுக்குத் தோற்பையில் நீர் கொண்டு சென்ற காலும் போர்க்களத்தையே மிதித்தன.

ஆதலின் யாம் வேண்டுவது இது. ஒவ்வொரு குடும்பத்தாரும் வீட்டில் உள்ளவற்றைத் தேடி, பெயர், தந்தை பெயர், ஊர், எண், பிரிவு, செய்த தொழில் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, எதனைக் கொண்டு அறிந்தீர்கள் என்பதனையும் குறித்துச் சங்கத்துக்கு அனுப்புக. கேள்விச் செய்தியாயின் கேள்விச் செய்தி என்றே எழுதுக. சமைத்தவரைச் சமைத்தவர் என்றும், சுமந்தவரைச் சுமந்தவர் என்றும் கூசாது பொறிப்போம். சுபேதார்கள் குறைந்தாலும் குறையட்டும், பெயர்கள் குறையலாகா. முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அவர் நாவில் உள்ளது எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை.