பித்தக் குழாய் அடைபட்டால்

(ஜார்ஜ் டவுனில் நடைபெற்ற மருத்துவ விளக்கக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற என்டோஸ்கோப்பி பிரிவுத் தாதி ஒருவர் ஆற்றிய உரை)



புற்றுநோய் என்று வாயெடுத்தாலே "வேறு பேச்சுப் பேசுங்கள்" என்பார்கள் நம்மவர்கள். அதிலும் "ஆபரேஷன் செய்ய முடியாது" என்று மருத்துவர் சொல்லிவிட்டால், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். செய்வதற்கு நிறைய இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் மருத்துவர் அல்ல. அந்த அறையில் மருத்துவருக்குப் பக்கத்தில் பல ஆண்டுகள் நின்றவள்.

நம் கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அது ஒரு மெல்லிய குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு வந்து கொழுப்பைச் செரிக்க உதவுகிறது. கணையத்தின் தலைப்பகுதியிலோ, பித்தப்பையிலோ, அந்தக் குழாயிலேயோ புற்று வளர்ந்தால் வழி நெரிபட்டுப் போகும். போக இடமில்லாத பித்தம் இரத்தத்தில் ஏறுகிறது. கண் மஞ்சளாகும், சிறுநீர் கோப்பி நிறமாகும், மலம் களிமண்போல் வெளுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். வலி இல்லாமலே இத்தனையும் வரலாம். அதனால்தான் பலர் "சாதாரண காமாலை" என்று இருந்துவிடுகிறார்கள்.

கீழாநெல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பாட்டிமார் அரைத்துக் கொடுத்த மருந்து; நான் கேலி செய்யவில்லை. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் 'லான்செட்' இதழில் எழுதியதும் அதைப் பற்றித்தான். ஆனால் அவர்கள் ஆராய்ந்தது ஹெபடைடிஸ் பி வைரஸை. அந்தப் பலனும் பிற்பாடு எல்லா இடத்திலும் உறுதிப்படவில்லை. குழாயே அடைபட்ட காமாலையை எந்தக் கீரையும் திறக்காது.

முன்பு இதற்கு வயிற்றைத் திறந்து மாற்றுவழி தைப்பார்கள். 1979இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நிப் சூஹேந்திரா என்ற மருத்துவர், வாய்வழியாக இறக்கிய என்டோஸ்கோப்பின் மூலம் அடைபட்ட குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் குழலைச் செருகினார். அவர் பிறந்தது நமக்கு அண்டை நாடான இந்தோனேசியாவில். 1994இல் 'லான்செட்' இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வு 204 நோயாளிகளை வைத்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டது. ஆயுள் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு உடனடிச் சிக்கல்கள் குறைவு. ஆனால் அடைப்பு திரும்ப வருவது அவர்களுக்கே அதிகம்.

இன்று ஸ்டென்ட் இரண்டு வகை. பிளாஸ்டிக் குழலின் விட்டம் பெரும்பாலும் 3 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். விலை குறைவு. ஏறக்குறைய 3 மாதத்தில் கசடு படிந்து அடைத்துக்கொள்ளும், மாற்ற வேண்டும். உலோக ஸ்டென்ட் சுருங்கிய நிலையில் உள்ளே போய், தானே 10 மில்லிமீட்டர் வரை விரியும். நிக்கலும் டைட்டானியமும் கலந்த வலைப்பின்னல் அது. பல மாதங்கள் திறந்திருக்கும்; விலையோ பல மடங்கு. உறையில்லாத வலையின் கண்களுக்குள் புற்று வளர்ந்து நுழையலாம், அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. உறையிட்டதை எடுக்கலாம், ஆனால் இடம் நழுவிப் போகக்கூடும். கல்லீரலுக்கு வெளியே உள்ள புற்று அடைப்புக்கு உலோகத்தையே ஐரோப்பிய என்டோஸ்கோப்பி சங்கம் 2018இல் பரிந்துரைத்தது. என் கருத்தும் அதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பட்டினி கிடந்து, மயக்க மருந்து வாங்கி, குழல் மாற்றி வரும் முதியவரைப் பார்த்தவர்களுக்கு மலிவு எது என்ற கணக்கு மாறிவிடும். எந்த வகையானாலும், வைத்த பிறகு கணைய அழற்சியோ இரத்தக் கசிவோ சிலருக்கு வரலாம். கையெழுத்து வாங்கும்போது அதைச் சொல்வார்கள், பயந்துவிடாதீர்கள்.

கல்லீரலின் வாசலிலேயே, இடக் குழாயும் வலக் குழாயும் சேரும் இடத்தில் அடைப்பு என்றால் கதை வேறு. எம்ஆர்ஐ படம் பார்த்து, கல்லீரலில் பாதிக்கு மேல் வடியும்படி திட்டமிட வேண்டும். வடியாத கிளையில் சாயம் புகுந்தால் கிருமி பிடிக்கும். சிலருக்கு விலா எலும்புகளுக்கு நடுவே தோல் வழியாகக் குழாய் விட்டு, வெளியே பை தொங்கவிடுவார்கள். பையைப் பார்த்துக் குடும்பமே அழும். பெரும்பாலும் பிறகு அதை உள்ளேயே திருப்பிவிட முடியும். 2001 முதல் அல்ட்ராசவுண்ட் பொருத்திய என்டோஸ்கோப் வழியாகக் குடலிலிருந்தே நேராகப் பித்தக் குழாய்க்குப் பாதை போடும் முறையும் வந்துள்ளது. தேர்ந்த கை வேண்டும்.

ஓர் அம்மாவைச் சொல்கிறேன். அரிப்பு தாங்காமல் சீப்பால் முதுகைக் கீறிக் கீறிப் புண்ணாக்கியிருந்தார். பல வாரங்களாகத் தூக்கம் இல்லை. மகன்கள், "மிஸ்ஸி, அம்மாகிட்ட ஒன்னும் சொல்லிடாதீங்க," என்று கேட்டுக்கொண்டார்கள். மருத்துவர் உள்ளே வந்ததும் அந்த அம்மா தாமே கேட்டார்: "ஐயா, நோய் போகாதுன்னு தெரியும். இந்த அரிப்பாவது போகுமா?" போகும் என்றார் அவர். உலோக ஸ்டென்ட் வைத்தார்கள். சில நாளில் அரிப்பு தணிந்தது. கஞ்சி கேட்டுக் குடித்தார். பிலிருபின் இறங்கியதால் கீமோதெரபி தொடங்கவும் வழி பிறந்தது. மகன்கள் மறைத்த நோயை அந்த அம்மா எப்போதோ அறிந்திருந்தார்.

இன்னொருவர் கதை அப்படி முடியவில்லை. பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்து மூன்றாம் மாதம், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல். தைப்பூசம் முடியட்டும் என்று வீட்டில் பனடோல் கொடுத்து இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அழைத்து வந்தபோது இரத்தத்தில் கிருமி பரவி, இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. காப்பாற்ற முடியவில்லை. ஸ்டென்ட் வைத்தவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தாலோ கண் மறுபடி மஞ்சளானாலோ அன்றைக்கே, நள்ளிரவானாலும், அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.

பணத்துக்கு வருகிறேன், இங்கே கொடையாளர்களும் இருக்கிறீர்கள். அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்குப் படுக்கைக் கட்டணம் சொற்பம்தான். ஆனால் உடலுக்குள் வைக்கும் சில சாதனங்களுக்கு நோயாளியே பணம் கட்ட வேண்டி வரலாம். மருத்துவ சமூகநலப் பிரிவைக் கேட்டால் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு மனு எழுதித் தருவார்கள். மனு நகர நாள் பிடிக்கும், காமாலை காத்திருக்காது. அந்த இடைவெளியில் ஒரு ஸ்டென்டுக்கான தொகையைத் தருவது, என் அனுபவத்தில், சக்கர நாற்காலி வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதைவிடப் பயனுள்ள தானம்.

வீடு திரும்பும் நாளில் ஒன்று கேட்டு வாங்குங்கள்: ஸ்டென்ட் வைத்த தேதி, பிளாஸ்டிக்கா உலோகமா, உறை உண்டா, எப்போது மாற்ற வேண்டும். நான்கு வரி. அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். இரவில் அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.