தேடுபொறியில் முதலிடம்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மாற்றல் உத்தரவு புதிதன்று. ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் பல்லாண்டு வாழ்ந்தவரும் ஒருநாள் வீட்டைக் காலி செய்துகொண்டு சென்னைக்கோ ஐதராபாத்துக்கோ புறப்பட வேண்டியவராகிறார். பீரோ, கட்டில், கிரைண்டர், கொலுப் பொம்மைப் பெட்டி, பெண்ணின் வீணை ஆகிய அனைத்தையும் கட்டி ஏற்றி அனுப்ப நம்பகமான ஒரு நிறுவனம் வேண்டும். முன்னாளில் இதற்கு அலுவலக நண்பரை விசாரித்தோம். மலை மந்திரில் சந்திப்போரைக் கேட்டோம். இந்நாளிலோ கைப்பேசியில் கூகுள் என்னும் தேடுபொறியைத் திறந்து, கேள்விப்பட்ட ஒரு பெயரை எழுதுகிறோம். முதலில் வந்து நிற்பவரிடம் வீட்டையே ஒப்படைக்கிறோம். அம்முதலிடத்தை அவர் எவ்வழியில் அடைந்தார் என்பதைக் குறித்து இன்று சிறிது சிந்திப்போம்.

இவ்வினா தில்லி உயர்நீதிமன்றத்திலேயே எழுந்தது. ‘அகர்வால் பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ்’ என்னும் வணிகப் பெயருக்கு உரிமை கொண்டாடிய டி.ஆர்.எஸ். லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் கூகுள் மீது வழக்குத் தொடுத்தது. தன் பெயரை எழுதித் தேடுவோர்க்குப் பிறருடைய விளம்பரங்கள் முற்பட்டு வருகின்றன என்பதே அதன் முறையீடு. கூகுளின் விளம்பரத் திட்டத்தில், எச்சொல்லைத் தேடுவோர்க்குத் தம் விளம்பரம் தோன்ற வேண்டும் என்பதை விளம்பரம் செய்வோரே குறித்து ஏலம் கேட்கலாம். அச்சொல் போட்டியாளரின் பெயராகவும் இருக்கலாம் என்பதிலேதான் சிக்கல். 2021 அக்டோபர் 30 அன்று தனி நீதிபதியும், மேல்முறையீட்டில் 2023 ஆகஸ்டு 10 அன்று இருவர் அமர்வும் தீர்ப்பளித்தனர். வணிகப் பெயரைக் குறிச்சொல்லாக வைப்பதும் சட்டப்படி அப்பெயரைப் பயன்படுத்துவதே ஆகும் என்றும், அதில் கூகுள் வெறும் பார்வையாளர் அன்று, பங்கு கொள்பவரே என்றும் அமர்வு கூறியது. அவ்வாறு வைப்பது மட்டுமே குற்றமாகிவிடாது; மக்கள் மயங்குவதற்கோ, பிறர் நற்பெயரால் முறையற்ற ஆதாயம் பெறுவதற்கோ அது இடந்தந்தால் குற்றமாகும் என்றும் வரையறுத்தது. உரிமை மீறல் மெய்ப்பிக்கப்படின், 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இடைநின்று பணிபுரிவோர்க்கு அளிக்கும் பாதுகாப்பைக் கூகுள் நாட இயலாது என்பதும் அத்தீர்ப்பின் ஒரு கூறு.

இவ்வரையறை நியாயமானதே என்பது நம் கருத்து. ஏனெனில் சொற்கள் அனைத்திற்கும் எவரும் வேலியிட இயலாது. ‘பாரத் மேட்ரிமோனி’ தளத்தை நடத்தியவர்கள் இதுபோன்ற வழக்கொன்றைச் சென்னை உயர்நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றனர். ‘தமிழ்’ என்பதும் ‘மேட்ரிமோனி’ என்பதும் பொருளைக் குறிக்கும் பொதுச் சொற்களாதலின், 2010 செப்டம்பரில் நீதிமன்றம் அவர்கள் வேண்டிய இடைக்காலத் தடையை வழங்கவில்லை. தமிழ் வரன் தேடும் தில்லிப் பெற்றோர் ‘தமிழ்’ என்ற சொல்லை எழுதாமல் வேறெதை எழுதுவர்?

விளம்பரத்தை விடுத்து, பணம் பெறாமல் தேடுபொறி தானே வரிசைப்படுத்தும் பகுதிக்கு வருவோம். சூழ்ச்சிகள் மலிந்த இடம் இதுவே. 1998இல் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் கண்ட முறையின் அடிப்படை எளியது. ஒரு தளத்தை எத்தனை தளங்கள் சுட்டிக் காட்டுகின்றன, சுட்டுகின்ற தளங்கள் எவ்வளவு மதிப்புடையவை என்று கணக்கிட்டு, அதற்கேற்ப இடமளிப்பதே அது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவுக்கு விளம்பரம் ஏது? மங்கிய விளக்கொளியில் விற்கும் அக்கடைக்கு வெளியூராரும் வழி கேட்டு வருவது ஊரார் வாய்மொழியால் அன்றோ? அவ்வாய்மொழியை இணையத்தில் எண்ணிப் பார்க்கும் ஏற்பாடே அம்முறை என்று கொள்ளலாம். இன்று வேறு பல அளவைகளும் சேர்ந்துள்ளன. எனினும் பிறர் தரும் சான்றுக்கு மதிப்பு குன்றவில்லை.

சான்றுக்கு விலையுண்டு என்றால் பொய்ச்சான்று விற்போரும் தோன்றுவர். தேடுபொறிக்கு ஏற்பத் தளத்தைச் செப்பனிடும் கலைக்கு எஸ்.இ.ஓ. என்று பெயர். தெளிவான தலைப்பும், பயனுள்ள செய்தியும், கைப்பேசியில் விரைந்து திறக்கும் அமைப்பும் தருவது அதன் நேரிய பகுதி. மற்றொரு பகுதியும் உண்டு. வெள்ளைத் தாளில் வெள்ளை மையால் எழுதுவதுபோல், படிப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் தேடுபொறிக்கு மட்டும் புலப்படுமாறு சொற்களை ஒளித்து வைப்பர். ஒரே சொல்லைப் பக்கம் முழுவதும் திணிப்பர். தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் வருவோருக்கு வேறொரு பக்கத்தையும் காட்டுவர். தொடர்பேயில்லாத தளங்களில் சுட்டிகளை விலைக்கு வாங்குவர். ஒருவரும் படிக்க வேண்டாத கட்டுரைகளை இயந்திரத்தைக் கொண்டு ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்வர். இக்கடைசி வழக்கத்தைத் தன் விதிகளுக்கு மாறானதென்று கூகுள் 2024 மார்ச்சில் வெளிப்படையாக அறிவித்தது.

புது தில்லி ரயில் நிலையத்தில் பஹார்கஞ்சுப் பக்கம் இறங்கும் வெளியூராரிடம், அவர் தேடும் விடுதி மூடப்பட்டுவிட்டது என்று பொய் கூறி, தரகு கிடைக்கும் விடுதிக்கு அழைத்துச் செல்லும் ஆட்களை நாம் அறிவோம். இணையத்தில் இச்செயல் ஓசையின்றி நடைபெறும். ‘ஷாதி டாட் காம்’ நிறுவனத்தின் பெயரை வேறொரு திருமணத் தளத்தார் தம் பக்கத்தின் மறைகுறிப்புகளில் சேர்த்து வைத்திருந்தனர். அவ்வாறு ஒளித்துப் பயன்படுத்துவதும் உரிமை மீறலே என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2014இல் கூறியது. இதில் வேடிக்கை யாதெனில், குறிச்சொற்களுக்கென்று அமைந்த மறைகுறிப்பைத் தரவரிசைக்குத் தான் கணக்கில் கொள்வதில்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டே அறிவித்திருந்தது. இன்றும் அக்குறிப்பில் பிறர் பெயரை எழுதித் தருவதற்குக் கட்டணம் வாங்குவோர் இருப்பின், அவர் தம் வாடிக்கையாளரையும் சேர்த்தே ஏமாற்றுகிறார்.

இவ்வழிகளால் வரும் கேட்டிற்குப் பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல. பி.எம்.டபிள்யூ. மோட்டார் நிறுவனத்தின் ஜெர்மானியத் தளம், பழைய கார்களைக் குறிக்கும் சொல்லைத் திரும்பத் திரும்ப நிரப்பிய வாயிற்பக்கங்களை வைத்திருந்தது. 2006 பிப்ரவரியில் கூகுள் அத்தளத்தையே தன் அட்டவணையினின்றும் நீக்கியது. அமெரிக்காவின் ஜே.சி. பென்னி அங்காடி கிறிஸ்துமஸ் பருவத்தில் எண்ணற்ற பொருள்களுக்கு முதலிடத்தில் விளங்கியது. தொடர்பற்ற தளங்களில் விலைக்கு வாங்கிய சுட்டிகளே அதற்குக் காரணம் என்பதை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்த, சில நாள்களுக்குள் அது பல பக்கங்கள் பின்னே தள்ளப்பட்டது. தமக்கு ஒன்றும் தெரியாதென்ற அங்காடியார், தாம் அமர்த்தியிருந்த ஆலோசக நிறுவனத்தை நீக்கினர். அவர்கள் கூறியது மெய்யாகவே இருக்கட்டும். இடத்தை இழந்தது அங்காடிதானே? 2012 ஏப்ரலில் கூகுள் ‘பெங்குவின்’ என்ற பெயரில் கணக்கீட்டு முறையைத் திருத்தியபோது, பொய்ச்சுட்டிகளை நம்பியிருந்த எத்தனையோ சிறு தளங்களும் சரிந்தன.

ஆலோசகரை நம்பிப் பொறுப்பைக் கைவிடும் வழக்கம் நம்மவரிடத்தும் உண்டு. மயூர் விகாரிலும் கரோல்பாகிலும் நம்மவர் பலர் சிறு தொழில் நடத்துகின்றனர். ஒருவர் மெஸ் வைத்திருக்கிறார். ஓர் அம்மையார் வீட்டிலேயே அப்பளம், வடாம் செய்து விற்கிறார். வேறொருவர் வீணை கற்பிக்கிறார். இவர்களிடம் ஒருவர் வந்து, மாதம் இவ்வளவு தொகை தந்தால் ஒரு திங்களில் முதலிடம் உறுதி என்கிறார். அந்த உறுதிமொழியே அவரைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. தரவரிசையில் முதலிடத்திற்கு எவரும் உறுதி அளிக்க இயலாது என்று கூகுளே அறிவுறுத்தி வருகிறது. ‘என்ன செய்யப் போகிறீர்? எந்தத் தளங்களிலிருந்து சுட்டி வரும்? அதற்குப் பணம் தருவீரா?’ என்று கேளுங்கள். ‘அது தொழில் இரகசியம்’ என்று விடை வந்தால் வணக்கம் கூறி அனுப்பிவிடலாம்.

பாராட்டுரைகளிலும் எச்சரிக்கை தேவை. உண்ணாதவர் எழுதிய ஐந்து நட்சத்திரப் பாராட்டு பத்து ரூபாய்க்கும் கிடைக்கலாம். 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணையவழி மதிப்புரைகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரவரையறையை வெளியிட்டது. விலைக்கு வாங்கிய மதிப்புரைகளையும், விற்பவர் ஆள் வைத்து எழுதியவற்றையும் வெளியிடலாகாது என்பது அதன் கருத்து. மெஸ்ஸில் நாள்தோறும் உண்போரிடம், விருப்பமிருப்பின் உள்ளதை உள்ளபடி எழுதுமாறு வேண்டுவதில் தவறில்லை. அவர் சாம்பாரில் உப்பு மிகுதி என்று எழுதினாலும் அழிக்க முயலாது விடையளிப்பதே முறை.

தேடுவோர் பக்கமும் சில சொற்கள். ‘ஸ்பான்சர்டு’ என்ற குறிப்புடன் மேலே நிற்பவை பணம் கட்டிய விளம்பரங்கள். வீட்டுச் சாமான் அனுப்பும் தொழிலில், குறைந்த கட்டணம் பேசி ஏற்றிக்கொண்டபின் மிகுதியான பணம் கேட்டு வண்டியை நடுவழியில் நிறுத்தும் மோசடி நாடறிந்தது. பழகிய பெயரைப் போன்ற பெயரே பெரும்பாலும் அதற்கு முகமூடி. ஆதலின் நிறுவனத்தின் முழுப் பெயர், அலுவலக முகவரி, ஜி.எஸ்.டி. எண் ஆகியவற்றைக் கேட்டு, அவ்வெண்ணை அரசுத் தளத்தில் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முன்பணம் தருக. இணையவழியில் பணம் பறிபோயின் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவித்தல் வேண்டும்.

தளம் உடைய அன்பர்களுக்கு இன்னும் ஒன்று. ‘சர்ச் கன்சோல்’ என்றொரு கணக்கைக் கூகுள் கட்டணமின்றித் தருகிறது. தளத்தின்மீது விதிமீறலுக்காக நடவடிக்கை எடுக்கப்பட்டால் அறிவிப்பு அங்கேதான் வரும். தவற்றை நீக்கியபின் மறு ஆய்வுக்கு விண்ணப்பிப்பதும் அங்கேதான். விடை வரச் சில வேளை வாரங்களும் ஆகும். அக்கணக்கும், தளப் பெயரின் பதிவும் ஆலோசகர் பெயரில் இருந்து, அவரும் ஊரைவிட்டுச் சென்றுவிட்டால் அவ்விண்ணப்பத்தை அனுப்பவும் வழியிராது. இரண்டையும் உங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு, கடவுச்சொல்லையும் வீட்டில் குறித்து வைத்திருங்கள்.