அந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருப்பாள்

(எமது வானொலியின் மாதாந்த உரை நேரத்தில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



"அக்கா, நீங்கள் பிள்ளை எடுத்த கதையை ஒருநாள் வந்து சொல்லுங்கோ" என்று நிலையத்தில் கன நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மகனின் சம்மதம் இல்லாமல் அதைச் சொல்ல எனக்கு மனமில்லை. போன மாதம் அவனிடம் கேட்டேன். "பேர் சொல்லாமல் சொல்லுங்கோ அம்மா" என்றான். ஆகவே பெயரும் ஊரும் இல்லாமல் சொல்லுகிறேன்.

நாங்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். யுத்தத்தால் ஜேர்மனிக்கு வந்து, முகாமில் இருந்து, சில மாதங்களுக்கு ஒருமுறை நீட்டித் தருகிற 'டுல்டுங்' கடதாசியோடு வருடக்கணக்காக வாழ்ந்தவர்கள். காத்திருப்பது எங்களுக்குப் புதிதில்லை என்றுதான் நினைத்திருந்தோம். கலியாணம் முடித்து ஒன்பது வருடமாகப் பிள்ளை இல்லை. ஒவ்வொரு ஆவணியும் கெவெலார் மாதா திருவிழாவுக்குப் போவோம். அங்கே சைவச் சகோதரிகளும் எங்களோடு வரிசையில் நின்று மெழுகுதிரி கொளுத்துவார்கள். மடு மாதாவை மனதில் நினைத்துக்கொண்டு, எல்லா வருடமும் அதே ஒரு வேண்டுதலைத்தான் வைப்பேன்.

2004 மார்கழி 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு அடுத்த நாள். பூசை முடிந்து வந்து தொலைக்காட்சியைப் போட்டால் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைக் காட்டினார்கள். அன்று இரவே நானும் கணவரும் முடிவெடுத்தோம், ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து வளர்ப்பது என்று. உங்களில் பல பேர் அந்தக் கிழமை இதேபோல நினைத்திருப்பீர்கள்.

தை மாதம் யூகென்ட் அம்டுக்குப் போனோம். அங்கிருந்த அம்மா நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "இப்போது அங்கே எடுத்துவரப் பிள்ளைகள் இல்லை. முதலில் சொந்தக்காரரைத் தேட வேண்டும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள் கூடாரத்தில் அழுகிறார்கள், இங்கே சட்டம் பேசுகிறார்கள் என்று வழியெல்லாம் ஏசிக்கொண்டு வந்தேன். சுனாமியில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளை மகவேற்புச் செய்ய இலங்கை அரசும் அப்போது தடை போட்டிருந்தது.

அந்த நாட்களில்தான் கல்முனைக் குழந்தையின் செய்தி வந்தது. இடிபாடுகளுக்குள் உயிரோடு கண்டெடுத்த ஒரு ஆண் குழந்தை. அன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 81ஆவது ஆள் என்பதால் '81ஆம் இலக்கக் குழந்தை' என்று உலகமே சொன்னது. ஒன்பது தாய்மார் உரிமை கேட்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் நீதிமன்றத்துக்குப் போனது ஒரே ஒரு தம்பதி. சொந்தப் பிள்ளையை மடியில் வாங்க அவர்கள் ஏழு கிழமைக்கு மேல் காத்திருந்தார்கள். 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது. பிள்ளை அவர்களுடையதுதான்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஒரு நல்ல மனுசி, பெற்றவர் இல்லாத பிள்ளை என்று நினைத்து, அவனை முதல் கிழமையே விமானத்தில் ஏற்றியிருந்தால்? அந்த நல்ல மனுசி நானாகவே இருந்திருக்கலாம்.

பிறகு முறையாக விண்ணப்பித்தோம். சம்பளச் சீட்டு, வீட்டு வாடகைப் பத்திரம், வைத்தியச் சான்றிதழ், பொலிஸ் நற்சான்றிதழ் எல்லாம் கொடுத்தோம். வீட்டுக்கு வந்து அறை அறையாகப் பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். இந்த இடத்தில் கணவர் உடைந்துபோனார். அகதி விசாரணையில் சொன்னதை எல்லாம் திரும்பவும் எழுத வேண்டுமா, நம்புவார்களா, இல்லையா என்று அதே பயம். ஒரு கேள்வி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "பிள்ளை வளர்ந்து பெற்ற தாயைத் தேடினால் என்ன செய்வீர்கள்?" நான் உடனே, "நாங்கள்தானே தாய் தகப்பன், ஏன் தேடப் போகுது?" என்றேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார்.

2007இல் எங்கள் கோப்பு கொழும்புக்குப் போனது. அதன் பிறகு கடிதமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. யுத்தம் மறுபடி மூண்டிருந்த நேரம். அப்போது தெரிந்தவர் ஒருவர் மூலம் கொழும்பிலிருந்து ஒரு ஆள் பேசினார். "ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன் தங்கச்சி. பிறப்புச் சான்றிதழை உங்கள் பெயரிலேயே எடுக்கலாம்" என்றார். தொகையும் சொன்னார். நாங்கள் தேடினால் தேடக்கூடிய தொகைதான்.

உண்மையைச் சொல்லுகிறேன் நேயர்களே, எனக்கு ஆசை வந்தது. இதுதான் மாதா காட்டிய வழியோ என்றுகூட நினைத்தேன். கணவர் வேண்டாம் என்றார். ஒரு கிழமை வீட்டில் முகம் பார்த்துப் பேசவில்லை. கடைசியில் மன்னாரில் இருந்த அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருப்பாள் பிள்ளை" என்றார். அவ்வளவுதான். அந்த ஆளுக்கு நான் திரும்ப எடுக்கவில்லை.

அந்தத் தவக்காலத்தில் ஆபிரகாமின் கதையைத் திரும்ப வாசித்தேன். வாக்குறுதி கிடைத்தபோது அவருக்கு 75 வயது, ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் பொறுக்க முடியாமல் சாரா தன் வேலைக்காரி ஆகாரைக் கொடுத்தார். அவசரப்பட்டவர்கள் ஆபிரகாமும் சாராவும். ஆனால் தண்ணீர்த் துருத்தியோடும் பிள்ளையோடும் பாலைவனத்தில் அலைந்தது ஆகார். எத்தனையோ முறை வாசித்த பகுதி அது. ஆகாரின் பக்கத்தில் நின்று அதுவரை நான் வாசித்ததே இல்லை.

எங்கள் நாட்டிலும் அதுதான் நடந்தது. 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியின் 'செம்ப்லா' நிகழ்ச்சி அந்தத் தொகை 11,000 வரை என்று சொன்னது. அதில் ஜேர்மனிக்கு வந்தவர்களும் உண்டு. பல பிள்ளைகளின் பத்திரங்கள் பொய். தாய் என்று நீதிமன்றத்தில் நின்ற பெண்ணே காசுக்கு வந்து நடித்தவர். இலங்கையின் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன இந்தக் குற்றச்சாட்டை அதே நிகழ்ச்சியில் ஒத்துக்கொண்டார். 2020இல் சுவிஸ் அரசு தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்து 2021 பெப்ரவரியில் வெளிநாட்டுத் தத்தெடுப்புகளை நிறுத்தி வைத்தது. பிள்ளைகளை வாங்கிய ஐரோப்பியத் தாய் தகப்பனில் கனபேர் செபம் பண்ணிக் காத்திருந்த நல்ல சனங்கள்தான். அவர்களுக்கும் பொய்தான் சொல்லப்பட்டது.

இதைத் தடுக்கத்தான் 1993இல் ஹேக் உடன்படிக்கை வந்தது. பிள்ளைக்குச் சொந்த நாட்டிலேயே குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். தாய் தன் சம்மதத்தைப் பிள்ளை பிறந்த பிறகுதான் கொடுக்கலாம், அதற்குக் காசு வாங்கக் கூடாது. அந்தச் சட்டப் படிகள் முடியுமுன், எடுப்பவர்கள் பெற்றவரோடு தொடர்பு வைக்கக் கூடாது. இலங்கையில் இது 1995இலும், ஜேர்மனியில் 2002 மார்ச் முதலாம் திகதியிலும் நடைமுறைக்கு வந்தது. நான் ஏசிய ஒவ்வொரு மாதமும் இந்த வேலைகளுக்காகப் போன மாதம்.

2010இல் மகனைக் கண்டோம். மூன்று வயது. ஓடி வந்த நாட்டுக்கு ஜேர்மன் கடவுச்சீட்டோடு திரும்பிப் போய், நீதிமன்றத்தில் கை நடுங்க நின்றோம். அவனுக்குத் தமிழ் தெரியும், எங்களைத் தெரியாது. வீட்டுக்கு வந்த புதிதில் சப்பாத்தைக் கழற்றவிடாமல் கதவடியில் படுத்தான். என்னை அம்மா என்று கூப்பிட எட்டு மாதம் எடுத்தான். அந்த எட்டு மாதத்தையும் பொறுத்துக்கொள்ள முந்திய ஐந்தரை வருடம் எனக்குப் பழக்கியிருந்தது.

இனி இதைச் சொல்லத்தான் வந்தேன். ஜேர்மனியில் தத்தெடுப்புக் கோப்புகளைப் பிள்ளை பிறந்ததிலிருந்து 100 வருடம் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். 16 வயதானால் பிள்ளையே போய்த் தன் கோப்பைப் பார்க்கலாம். 2023இல் மகன் கேட்டான், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே கதிரையில் இருந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து வந்தான். "அம்மா, அவவின்ர கையெழுத்து இருக்கு" என்றான். நான் பிறந்து ஐந்து மாதத்துக்குப் பிறகு வைத்த கையெழுத்து, நீதவானுக்கு முன்னால் வைத்தது, அவவின்ர சொந்தப் பெயர், சொந்த ஊர் என்று சொல்லிக்கொண்டே வந்தான். காரில் ஏறியதும் இருவரும் அழுதோம்.

எங்கள் கருத்தரங்கில் அன்று ஒருவர் பேச வந்திருந்தார். 80களில் இலங்கையிலிருந்து கைக்குழந்தையாக வந்தவர். பத்திரத்தில் இருந்த விலாசத்தைத் தேடிப் போனாராம். அந்தப் பெண் தான் அப்படி ஒரு பிள்ளை பெறவே இல்லை என்றாராம். அவருக்கு அதோடு பாதை முடிந்தது. கொழும்பு ஆளுக்கு நான் காசு அனுப்பியிருந்தால், என் மகனுக்கும் அந்தக் கதிதான்.

நேயர்களே, ஊரிலிருந்து பிள்ளை எடுக்க நினைப்பவர்கள், அது தம்பியின் பிள்ளையாக இருந்தாலும், முதலில் யூகென்ட் அம்டில் கேளுங்கள். 2021 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து, அங்கீகாரம் பெற்ற தத்தெடுப்பு நிலையத்தின் ஊடாக அல்லாமல் தனியாக வெளிநாட்டில் பிள்ளை எடுக்க இங்கே சட்டம் இடம் கொடுக்காது. சுறுக்காக முடித்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

இப்போது மகன் அந்தத் தாயைத் தேடுகிறான். முறைப்படி எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. போன ஆவணி கெவெலாரில் நான் இரண்டு மெழுகுதிரி கொளுத்தினேன். ஒன்று அவனுக்கு. மற்றது அவவுக்கு.